லோகோவை மறைத்துவிட்டுக் காட்டுங்கள்

கார் வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களுக்கும், ஸ்டூடியோக்களில் புதிதாகச் சேர்ந்து முன்முகம் வரைந்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



உங்களை நேரில் அறியேன். நீங்கள் வரைவதை அறிவேன். கிரில், பம்பர், எம்பளம் வார்க்கும் தொழிற்சாலைகளிலேயே என் உத்தியோகம் கழிந்தது. ஸ்டூடியோவில் நீங்கள் இழுக்கும் ஒரு கோடு, சில வருடம் கழித்து எங்கள் மோல்டிலிருந்து சூடு ஆறாத பிளாஸ்டிக்காக வெளியே வரும். அதனால் எந்தக் காரின் முகத்தையும் நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்திலிருந்துதான். கிளிப் எங்கே மாட்டுகிறது, லோகோ உட்காரும் பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் கண் போகும். அந்தப் பள்ளத்தைப் பற்றியே இந்த மடல்.

அது பெருத்துக்கொண்டே வருகிறது. ஒரு காலத்தில் முகத்தை வரைந்து முடித்த பிறகு எம்பளத்துக்கு இடம் பார்த்தார்கள். இப்போது வரும் டிராயிங்குகளைப் பார்த்தால், எம்பளத்தை நடுவில் வைத்துவிட்டு மிச்ச இடத்தில் முகத்தை நிரப்பியது போலத் தெரிகிறது. மூக்குத்திக்காக மூக்கைப் பெரிதாக்குகிற வேலை இது.

லோகோவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சொன்னால் எங்கள் பிழைப்பு என்னாவது? அதை எங்கே, எப்படிப் பொருத்துவது என்ற சங்கடத்திலிருந்தே கார் உலகின் நல்ல முகங்கள் சில பிறந்திருக்கின்றன. வால்வோவைப் பாருங்கள். 1927 ஏப்ரல் 14 அன்று சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் அவர்களுடைய முதல் கார் வெளியே வந்தது. சின்னம் இரும்பைக் குறிக்கும் பழைய குறி: ஒரு வட்டம், அதிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து கிளம்பும் அம்பு. அதை ரேடியேட்டரின் நடுவில் நிறுத்த வேண்டும். அந்தக் காலத்துக் காரில் முன்புறம் முழுக்க ரேடியேட்டர்தான். காற்று ஊடுருவிப் போகிற மெல்லிய தகடுகள்; அவற்றில் துளை போட்டுத் திருகு முடுக்கினால் தண்ணீர் கொட்டும். ஆகவே ஒரு மேல்மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ்மூலைக்கு ஒரு உலோகப் பட்டையைச் சாய்வாக ஓட்டி, அதன் மேல் சின்னத்தை ஏற்றினார்கள். எங்கள் பாஷையில் அது வெறும் பிராக்கெட். பொருளைத் தாங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

பிறகு ரேடியேட்டர் கிரில்லுக்குப் பின்னால் மறைந்தது. பிராக்கெட் தேவையில்லாமல் போயிற்று, பட்டை மட்டும் போகவில்லை. 2014-இல் வந்த இரண்டாம் தலைமுறை எக்ஸ்சி90-இன் முன்னால் நின்று பாருங்கள். சின்னத்தில் உள்ள அம்பு எந்தச் சாய்வில் கிளம்புகிறதோ அதே சாய்வில், அதே நேர்கோட்டில் கிரில்லின் பட்டை ஓடும். சின்னமும் தாங்கியும் ஒரே கோடாகிவிட்டன. 2019-இல் எக்ஸ்சி40-இன் மின்சார வடிவத்தைக் காட்டியபோது கிரில்லை மூடி வண்டியின் நிறத்திலேயே பலகை வைத்தார்கள். அந்த மூடிய பலகையின் மேலும் பட்டை ஏறி உட்கார்ந்திருந்தது. தாங்குவதற்கு இப்போது எதுவும் இல்லை. ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்து ‘வால்வோ’ என்று சொல்ல வைப்பது அந்தப் பட்டைதான். சின்னம் கண்ணில் படுவது அப்புறம்.

ரெனால்ட்டின் கதை ஹார்னில் ஆரம்பிக்கிறது. 1920-களின் ரெனால்ட் கார்களில் ரேடியேட்டர் என்ஜினுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் சரிந்து இறங்கும் பானெட் மட்டுமே. ஹார்ன் அந்த மூக்குக்குள் இருந்தது. சத்தம் வெளியே வர வழி வேண்டும். 1923-இல் அந்த இடத்தில் வட்டமான சின்னம் ஒன்றை வைத்து, அதிலேயே குறுக்குப் பிளவுகள் வெட்டினார்கள். சின்னமே ஹார்னுக்கு ஜன்னல். ஆனால் பானெட்டின் நடுவில் ஒரு கூரான மடிப்பு ஓடியது. வட்டம் அதோடு ஒட்டிப்போகவில்லை. 1925-இல் வட்டத்தைக் கைவிட்டு, மடிப்பில் அழகாக மடங்கி உட்காரும் சாய்சதுரத்துக்கு மாறினார்கள். இன்று உங்கள் தெருவில் நிற்கும் க்விட்டின் முகத்தில் இருப்பது அந்தச் சாய்சதுரத்தின் வாரிசு. பானெட் லோகோவின் வடிவத்தைத் தீர்மானித்த காலம் அது. 2012-இல் வந்த நான்காம் தலைமுறை க்ளியோவில் நிலைமை தலைகீழ்: பெரிய சாய்சதுரத்தைக் கருப்புப் பின்னணியில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, மற்றதெல்லாம் அதை நோக்கி ஓடிவரும்படி வரைந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். எனக்குத் தெரிந்து பெரிய லோகோ நியாயமாக உட்கார்ந்த சில முகங்களில் அது ஒன்று. அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனைகள்தான் அதிகம்.

வகுப்பில் சொல்லித்தருகிறார்களோ இல்லையோ, நான் சொல்லிவிடுகிறேன்: லோகோவின் வெளிக்கோடு முகத்திடம் சில கோரிக்கைகளை வைக்கும். உயரம் கூடிய சாய்சதுரம் நடுவில் ஒரு தூணைக் கேட்கும். டொயோட்டாவின் கிடந்த நீள்வட்டம் இரண்டு பக்கமும் இறக்கை கேட்கும். ஆடியின் நான்கு வளையங்கள் உயரத்தைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அகலம் என்பதால் எப்போதும் கிடைமட்டமாகக் கொஞ்சம் வெற்றிடம் கேட்கும். 2004-க்குப் பிறகு மேலிருந்து கீழ்வரை ஒரே சட்டமாக கிரில்லை நீட்டியபோது, அந்த வளையங்கள் மேல்பகுதியில் தொங்க இடம் பார்த்து வைத்தார்கள். ஆர்8 காரில் வளையங்களை கிரில்லிலிருந்தே எடுத்து பானெட்டின் மேல் வைத்தது நல்ல முடிவு. வட்டம்தான் சாது. பிஎம்டபிள்யூ, பென்ஸ், ஃபோக்ஸ்வாகன் எல்லாருக்கும் அந்தச் சௌகரியம் உண்டு. எங்கே வைத்தாலும் பேசாமல் உட்காரும்.

எங்கே வைப்பது என்பதில் அழகைவிடக் கணக்கு அதிகம். பானெட் இரும்புத் தகடு. அதன் பிரஸ் டூலுக்கு ஆகும் செலவில் கிரில்லுக்கான மோல்டுகள் பல செய்யலாம். எம்பளத்தை பானெட்டில் வைத்தால் துளை போட வேண்டும், துளையில் துருவுக்குப் பயப்பட வேண்டும், இல்லையென்றால் இரட்டைப் பக்க டேப்பை நம்ப வேண்டும். கிரில்லில் வைத்தால் எல்லாம் பிளாஸ்டிக். மூன்று வருடம் கழித்து ஃபேஸ்லிஃப்ட் என்று வரும்போது தகட்டைத் தொடாமல் கிரில்லையும் பம்பரையும் மாற்றிவிட்டால் புது முகம் தயார். லோகோ பானெட்டிலிருந்து இறங்கி கிரில்லின் நடுவுக்கு வந்ததற்கு உங்கள் பேராசிரியர்கள் ‘பிராண்ட் அடையாளம்’ என்று காரணம் சொல்வார்கள். காஸ்ட்டிங் ஷீட்டையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கின் உச்சத்தைப் பார்க்க ஐரோப்பா போக வேண்டாம். ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் கூட்டு ஆலை 2010-இல் ஓடத் தொடங்கியது. அங்கே செய்த மைக்ரா நிசான் பெயரில் போனது. கொஞ்சம் முகத்தை மாற்றி அதே கார் ரெனால்ட் பல்ஸ் ஆனது. 2012-இல் ரெனால்ட் டஸ்டர் வந்தது. 2013-இல் அதுவே நிசான் டெரானோ. ஒரகடம் டீக்கடை ஒன்றின் வாசலில் இரண்டும் அடுத்தடுத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் நின்றால் முன்கதவு அதே கதவு, சக்கரத்துக்கு மேல் புடைப்பு அதே புடைப்பு. கையில் கிளாஸோடு முன்பக்கம் நடந்து போனால் ஆள் மாறிவிடுகிறது. டஸ்டரில் நெட்டுக்குத்தாக நிற்கும் சாய்சதுரம். டெரானோவில் வட்டத்தைக் குறுக்கே வெட்டும் பெயர்ப்பட்டை. அந்தப் பட்டை அகலத்தைக் கேட்டதால் ஹெட்லைட், கிரில், பம்பர் எல்லாம் அகலமாக விரிந்தன. டெரானோவுக்கு விலையும் கூடுதல். டீ போட்டவர் டெரானோதான் ‘பெரிய வண்டி’ என்று சத்தியம் செய்தார். உள்ளே இருக்கும் எலும்புக்கூடு ஒன்றே என்று சொன்னேன், நம்பவில்லை. நம்பாதது அவர் தப்பில்லை. அந்த முகத்தை வரைந்தவருக்கு அது கிடைத்த சான்றிதழ்.

இதற்கு நேர் எதிர் 2019-இல் வந்த முதல் டொயோட்டா கிளான்சா. மாருதி சுசூகி பலேனோதான் அது. வெளியே சொல்லும்படி மாறியவை கிரில்லும் எம்பளமும். ‘எஸ்’ எழுத்துக்காக வரைந்த முகத்தில் நீள்வட்டத்தை உட்கார வைத்திருந்தார்கள். கெட்டுப்போயிற்று என்று சொல்ல முடியாது. ஆனால் பலேனோ பழகிய கண் அந்த இடத்தில் ‘எஸ்’ஸைத்தான் தேடியது. லோகோ மட்டும் பிராண்டைத் தூக்கிச் சுமக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சுலபமான பரிசோதனை உங்களுக்குக் கிடைக்காது. இரண்டு ஜோடிகளின் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் உட்காருங்கள்.

அடுத்து, லோகோவே இல்லாமல் பிராண்டாகிவிட்ட ஒரு முகம். இரண்டாம் உலகப் போரில் ஃபோர்டு செய்த ஜீப்களுக்கு ஒரே தகட்டில் ஒன்பது பிளவுகள் குத்திய முன்புறம். போர் முடிந்ததும் வில்லிஸ் நிறுவனம் 1945-இல் பொதுமக்களுக்காக விற்ற சிஜே-2ஏ-வில் ஏழு பிளவுகள். காற்று போக வழி செய்த ஓட்டைகள்தாம். அந்த ஓட்டைகளுக்காகத்தான் பிற்பாடு வக்கீல்கள் சம்பாதித்தார்கள். ஹம்மர் எச்2-இன் முன்புறத்திலும் ஏழு பிளவுகள் இருந்ததை எதிர்த்து டைம்லர்கிரைஸ்லர் நீதிமன்றத்தில் தடை கேட்டது; 2002-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை தர மறுத்தது.

அடுத்த வழக்கில் நம் ஆள் மாட்டினார். மஹிந்திரா 1940-களிலேயே வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் கட்டத் தொடங்கிய நிறுவனம். அந்த முகத்துக்கும் அவர்களுக்கும் அவ்வளவு நாள் உறவு. 2018-இல் அமெரிக்காவில் ராக்ஸர் என்ற சாலைக்கு அப்பால் ஓட்டும் வண்டியை விற்றபோது, ஜீப்பின் அப்போதைய உரிமையாளரான ஃபியட் கிரைஸ்லர் அந்நாட்டின் சர்வதேச வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2020 ஜூனில் ஆணையம், ராக்ஸரின் தோற்றம் ஜீப்பின் தோற்ற உரிமையை மீறுவதாகச் சொல்லி இறக்குமதிக்குத் தடை போட்டது. மஹிந்திரா தோற்றத்தை மாற்றி வரைந்தது. அந்தப் புதுத் தோற்றம் மீறவில்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் ஆணையம் சொன்னது. கவனியுங்கள்: ராக்ஸரில் ‘ஜீப்’ என்ற எழுத்து எங்கேயும் இல்லை. யாரும் யாருடைய லோகோவையும் திருடவில்லை. வழக்கு முழுக்க முகமும் உடலும் சேர்ந்த தோற்றத்தைப் பற்றியது. இரண்டு எழுத்துப் பெயரைச் சின்னதாகப் பொறித்துக்கொண்டு போகிற ஜீப்புக்கு அத்தனை பலம் அந்தத் தோற்றத்தில் இருக்கிறது. அதை மஹிந்திராவும் கற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன். 2021-இல் எக்ஸ்யூவி700-உடன் எஸ்யூவிகளுக்கென்று தனி இரட்டைச் சிகர லோகோவைக் கொண்டுவந்தபோது, கிரில்லின் செங்குத்துக் கம்பிகளையும் அதன் சாயலுக்கு இழைத்தார்கள்.

ஒரே காரில் லோகோவின் இடம் மாறினால் வாங்குகிறவரே மாறிவிடுவார் என்பதற்கு பென்ஸ் சாட்சி. 2007-இன் சி-கிளாஸில் இரண்டு மூக்கு கொடுத்தார்கள். ஒன்றில் வழக்கமான கிரில், பானெட்டின் முனையில் எழுந்து நிற்கும் சிறு நட்சத்திரம். இன்னொன்றில் நட்சத்திரம் பெரிதாகி கிரில்லுக்குள் இறங்கிவிட்டது. 1950-களின் 300 எஸ்எல் முதல் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மட்டும் இருந்த வழக்கம் அது. உட்கார்ந்து வருகிற முதலாளிக்கு ஒன்று, ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் மகனுக்கு ஒன்று. இரண்டாவதே ஜெயித்தது. அழகு என்று பார்த்தால் நான் முதலாளி கட்சி.

நம் ஊர் கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் போய் நின்றால் ஃபார்ச்சூனருக்கு லெக்ஸஸ் கிரில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். லெக்ஸஸ் 2012 முதல் தன் கார்களில் போட்ட அந்த இடுப்பு ஒடுங்கிய பெரிய கிரில்லை ‘முகமா, வலையா’ என்று உலகமே கிண்டலடித்தது. நானும் அடித்தேன். ஆனால் வேறொருவனுடைய முகத்தைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ளும் அளவுக்கு அதன் மேல் ஆசை பிறந்திருக்கிறது. கிரில்லை மாட்டியவர்கள் எம்பளத்தைத் தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள். கிரில் முதலில், எம்பளம் அப்புறம். அந்த வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் தலைமுறைக்கு வந்திருக்கும் சிக்கல். மின்சாரக் காருக்கு அவ்வளவு பெரிய ரேடியேட்டர் வேண்டாம். காற்றுக்கு வழி கீழே கொஞ்சம் இருந்தால் போதும். நூறு வருடமாக கிரில் இருந்த இடம் காலி. டெஸ்லா 2012-இல் மாடல் எஸ்-இல் அங்கே ஒரு கருப்பு நீள்வட்டத்தை வைத்தது, கிரில் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்ளட்டும் என்று. 2016-இல் அவர்களே அதை எடுத்துவிட்டு, வழவழப்பான மூக்கில் சின்ன எழுத்து ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். பிஎம்டபிள்யூ 1933-இல் 303 காரில் தொடங்கிய சிறுநீரக வடிவத்தை ஐஎக்ஸில் மூடிவைத்து, அதன் பின்னால் கேமராவையும் ராடாரையும் ஒளித்தது. அந்தக் காரில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: பானெட்டை உரிமையாளர் திறக்க முடியாது; முன்னால் உள்ள லோகோ திறந்துகொள்ளும், அதற்குள் கண்ணாடி கழுவும் தண்ணீரை ஊற்றலாம். ஹார்னுக்கு ஜன்னலாக இருந்த ரெனால்ட் சின்னத்துக்குப் பிறகு லோகோவுக்கு ஒரு உருப்படியான வேலை. செவர்லேயும் ஒரு தடவை செய்தது: 2014 கமாரோ இசட்/28-இல் தன் போ-டை சின்னத்தின் உட்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு விளிம்பை மட்டும் விட்டது, என்ஜினுக்குக் காற்று போகட்டும் என்று. நடுக் கிரில்லில் அடைத்துக்கொண்டிருக்கும் லோகோ எவ்வளவு காற்றைத் தடுக்கும் என்று அதைப் பார்த்தால் புரியும்.

மற்ற பலர் அந்தக் காலி இடத்தில் செய்வது ஒன்றே ஒன்று: லோகோவைப் பெரிதாக்கி, விளக்குப் போட்டு, வலமும் இடமும் ஒரு ஒளிக்கோடு இழுப்பது. இரவில் தூரத்தில் வரும்போது எது எது என்று எனக்குத் தெரிவதில்லை.

பெரிதாக்கச் சொல்லி உங்கள் மேலாளர் கேட்கும்போது, ‘ராடாருக்காக’ என்று ஒரு காரணம் வரும். அது பாதி உண்மை. பல கார்களில் 77 கிகாஹெர்ட்ஸ் ராடார் லோகோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நாங்கள் சாதாரணமாகப் போடும் மெருகு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மேல் செம்பு, நிக்கல், கடைசியில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம். அது உலோகம், ராடார் அலை அதில் முட்டித் திரும்பிவிடும். அதற்குப் பதிலாக இண்டியத்தை ஒன்றோடொன்று தொடாத நுண்திட்டுகளாகப் படியவைத்தால் கண்ணுக்கு வெள்ளி, அலைக்குக் கண்ணாடி. பிளாஸ்டிக்கின் கனமும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும். மேடுபள்ளம் இருந்தால் அலை கோணும். பென்ஸ் நட்சத்திரம் கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டைப் பிளாஸ்டிக்குக்குள் படுத்துவிட்டது அதனால்தான். ராடாரின் அலை விரிகிற கூம்புக்கு எவ்வளவு பரப்பு வேண்டுமோ அவ்வளவு லோகோ கட்டாயம். அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டரும் மேலாளருடைய ஆசை. கூம்பின் அளவை சென்சார்க் குழு எழுத்தில் தரும், கேட்டு வாங்குங்கள். அதைவிடப் பெரிய பள்ளத்தை யாராவது கேட்டால் அந்தக் காகிதத்தை மேசையில் வையுங்கள். ராடாரை பம்பருக்குக் கீழே இறக்கலாமா என்பதையும் விசாரியுங்கள். நிறையக் கார்களில் அது அங்கேதான் இருக்கிறது, யாரும் குறை சொன்னதில்லை.

இன்னொன்று. நம் நாட்டில் முன்னால் 500 மில்லிமீட்டர் நீளமும் 120 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட நம்பர் பிளேட் எப்படியும் வரும். ஆல்ஃபா ரோமியோக்காரர்கள் தங்கள் கேடய வடிவக் கிரில் கீழே வரை இறங்குவதால் பிளேட்டை ஓரமாகத் தள்ளினார்கள். 1997-இன் 156 காரில் அது அத்தனை அழகு. நீங்கள் ஸ்கெட்சில் பிளேட்டை வரையாமல் விட்டுவிட்டு லோகோவை நடுவில் பெரிதாக வரைகிறீர்கள். மோல்டுக்கு வரும்போது பிளேட் வந்து அதன் மோவாயில் இடிக்கிறது. பிளேட்டை முதல் நாளே வரைந்துவிடுங்கள், லோகோவைக் கடைசி நாள் வரையுங்கள்.

அதற்கு நடுவில், உங்கள் அடுத்த ரிவ்யூவுக்கு முன்னால், ஸ்கெட்சின் லோகோவின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி கேன்டீனில் மாட்டிவையுங்கள். டிசைன் தெரிந்தவர்களைக் கேட்க வேண்டாம். தட்டு எடுக்க வருகிற அண்ணனிடம், வாசலில் இருக்கும் செக்யூரிட்டியிடம், கம்பெனி பஸ் ஓட்டுகிறவரிடம் ‘இது எந்தக் கம்பெனி வண்டி?’ என்று கேளுங்கள். வேறு கம்பெனியின் பெயரைச் சொன்னால் மறுபடியும் வரையுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் டிராயிங்கை எங்களுக்கு அனுப்புங்கள். பள்ளத்தை எவ்வளவு சின்னதாக வார்க்க முடியும் என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
மோல்டிங் ஷாப்பிலிருந்து ஒருவன்